இல்லாத முடியும் நசுங்கிய தட்டும்

சேகரு, முதலில் உட்கார். நின்றுகொண்டே கேட்டால் பாதியில் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவாய், உன்னை எனக்குத் தெரியாதா. இந்தக் கடிதத்தை உன் புத்தர் வகுப்பு ஐயாவிடம் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் கேட்கும்படி வாசிக்கச் சொல்லியிருக்கிறேன். உன் கையிலேயே கொடுத்திருக்கலாம். ஆனால் நீ உன் பெண்டாட்டி செல்வியைப் பேசியது இவர்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்த இடத்தில். பேச்சு யார் யார் காதில் விழுந்ததோ, பதிலும் அவர்கள் காதில் விழ வேண்டும். எழுத்து கோணலாக இருக்கும். நான் ஐந்தாவதோடு நின்றவள். அதற்கு மேல் படிக்க விடாத என் பெரியப்பாவை நான் இன்னும் மன்னிக்கவில்லை, அவர் போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆகிவிட்டது. ஐயா, பிழை இருந்தால் இருக்கட்டும், எழுதியிருக்கிறபடியே வாசியுங்கள்.

வருகிற புதன்கிழமை நீ ரயில் ஏறுகிறாய். வடக்கே ஒரு மடத்தில் மழைக்காலம் முடியும் வரை தங்கி, யாரோடும் பேசாமல், மனத்தைப் பார்த்துக்கொண்டிருக்கப் போகிறாய். போன்கூடக் கிடையாது என்று சொன்னாய். போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கம்பெனியில் லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டாய், டிக்கெட்டும் எடுத்துவிட்டாய், போ. ஆனால் அதற்கு முன்னால் நீ திருவேற்காட்டுக்கு வந்து, செல்வியின் எதிரில் உட்கார்ந்து, நான் செய்தது தப்பு என்று உன் வாயால் சொல்ல வேண்டும். அவள் தன் அம்மா வீட்டில் இருக்கிறாள், பாப்பாவும் அவளோடு. இப்போது நானும் இங்கேதான் இருக்கிறேன். நீ சொல்லாமல் ரயில் ஏறினால், திரும்பி வரும்போது ஆவடி வீட்டில் உனக்குக் கதவு திறக்க ஆள் இருக்காது. செல்வி வர மாட்டாள். நானும் வர மாட்டேன். மிரட்டுகிறேன் என்று தோன்றினால் அப்படியே வைத்துக்கொள்.

உன் வகுப்பின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அப்பா இறந்த பிறகு நீ எப்படி இருந்தாய் என்று உனக்கே தெரியாது, எனக்குத் தெரியும். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாய். பாப்பா கையிலிருந்து ஒரு ஸ்பூன் விழுந்தால் வீடே அதிரும்படி கத்துவாய். உன் கம்பெனி நண்பன்தான் உன்னைக் கோவில்பதாகையில் இந்த வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போனான். அங்கே போய் வந்த பிறகுதான் நீ தூங்கினாய். பாப்பா பயமில்லாமல் உன் மடியில் ஏறியது அதற்குப் பிறகுதான். அதை நான் மறக்கவில்லை. நான் பகையை மட்டும் ஞாபகம் வைத்திருப்பவள் என்று நீ நினைக்கிறாய். நல்லதையும் வைத்திருக்கிறேன். பகை கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

அந்த அதிகத்தைக் குறைக்கத்தான் என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாய். போகிற வழியில் பேசியது உனக்கு ஞாபகம் இருக்கிறதா. "எம்மா, நீ எல்லாத்தையும் மனசுல தேக்கி வச்சிகினு கீற. எதிர்ஊட்டு அக்கா இட்லிப் பானைய ஓட்டையோட திருப்பிக் குட்த்துது, அதைக்கூட இன்னும் சொல்லிகினு கீற" என்றாய்.

"ஓட்டையோடதானடா குட்த்தா."

"அது எந்தக் காலத்துல."

"காலமா அடைக்கும் ஓட்டைய? ஓட்டை இன்னும் அங்கதான் கீது."

நீ சிரித்ததில் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. எனக்கும் சிரிப்புதான். அப்பா போன பிறகு நாம் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அன்றுதான்.

கீழே மாவு மில், மேலே உங்கள் வகுப்பு. மில் ஓடினால் பாயில் உட்கார்ந்திருப்பவர்களுக்கெல்லாம் முதுகு வரைக்கும் அதிரும். ஐயா அண்ணனூர் ரயில் ஷெட்டில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர், சத்தத்துக்குப் பழகியவர், மில் நிற்கும் வரை காத்திருக்காமல் குரலை ஏற்றிப் பேசுவார். புத்தருக்குப் பின்னால் வந்தவர்களில் சில பேர் இப்படிச் சொன்னார்கள் என்றார்: நாம் பார்ப்பதெல்லாம் மனத்தின் தோற்றம். வெளியே ஒரு பொருள் தனியாக நின்றுகொண்டு நம்மிடம் வருவதில்லை. மனமே பார்க்கிறவனாகவும் பார்க்கப்படுகிற பொருளாகவும் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. ஒரே ஆறு மீனுக்கு வீடு, நமக்குத் தண்ணீர், பசியில் அலைகிற பேய்களுக்கு அதே ஆறு சீழாகத் தெரியுமாம். "எங்களுக்கும் கூவத்தப் பாத்தா அப்டித்தான் தெரியுது" என்று பின்னாலிருந்து ஒருவர் சொல்ல, ஐயாவே சிரித்துவிட்டார். எனக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. புரியாததைப் புரிந்தது என்று நான் தலையாட்ட மாட்டேன்.

அடுத்த ஞாயிறு ஐயா இன்னொன்று சொன்னார். கண்ணில் நோய் வந்தவனுக்கு எதிரே முடி முடியாகத் தொங்குவது போலத் தெரியும். அவன் கையால் விலக்குவான், விலகாது. பக்கத்தில் இருப்பவனுக்கு ஒன்றும் தெரியாது. அந்த முடி வெளியே இல்லை, ஆனால் அவன் பார்ப்பது பொய்யும் இல்லை. நாம் உலகத்தைப் பார்ப்பதும் அப்படித்தான் என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். எனக்கு அந்த இடத்திலேயே உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. ஏனென்று உனக்குத் தெரியும். தெரியாது என்று நீ சொல்ல முடியாது. உனக்குச் சோறு ஊட்டும்போதெல்லாம் நான் சொன்ன கதை அது. இங்கே இருக்கிற மற்றவர்களுக்காக இன்னொரு தடவை சொல்கிறேன்.

நான் கல்யாணமாகி ஆவடிக்கு வந்த புதிது. இவனுடைய ஆயா, அதாவது என் மாமியார், சாப்பிட உட்கார்ந்தால் தட்டில் முடி என்பாள். நான் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு சமைத்தேன், அப்போதும் முடி என்றாள். விரலால் சோற்றைக் கிளறிக் கிளறி இழுப்பாள், விரலில் ஒன்றும் வராது. ஒரு நாள் தட்டின் விளிம்பை இடது கையால் பிடித்து, மணிக்கட்டைச் சுழற்றி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு வீசினாள். தட்டு பின்பக்கம் துவைக்கிற கல்லில் மோதி விளிம்பு நசுங்கியது. "ஒம் மயிரத் தின்னவா ஒன்ன கட்டிகினு வந்தோம்" என்றாள். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. என்னைக் கேட்காமல் என் தலைமுடியை அம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். யார் தலைக்கு யார் நேர்வது என்று நான் கேட்க முடியாது, சாமி காரியம். ஆடி வெள்ளிக்கிழமை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய் இடுப்புக்குக் கீழே தொங்கிய என் முடியை வழிக்க வைத்தாள். கோயிலில் இருந்த பெண்கள் எல்லாம் புண்ணியம் செய்தவள் என்று என் மொட்டைத் தலையில் சந்தனம் தடவினார்கள். இவனுடைய அப்பா, "அம்மனுக்குத்தான, வளந்துரும் உடு" என்றார். முடி வளர்ந்தது. நான் விடவில்லை. அந்த நசுங்கிய தட்டை யாரும் பழைய பாத்திரக்காரனிடம் போட நான் சம்மதிக்கவில்லை. இன்று வரைக்கும் அந்தத் தட்டில்தான் சாப்பிடுகிறேன். சோற்றில் முடி இல்லை என்று எனக்குத் தெரியும், அவள் பொய் சொன்னாள் என்பது ஒரு நாளும் மறந்துபோகக் கூடாது என்பதற்காக.

அன்று வகுப்பில்தான் எனக்கு இன்னொன்றும் ஞாபகம் வந்தது. கடைசிக் காலத்தில் உன் ஆயாவுக்கு இரண்டு கண்ணிலும் பூ விழுந்தது. நிலாவைப் பார்த்து ரெண்டாகத் தெரிகிறது என்பாள். சும்மா இருக்கும்போதே முகத்துக்கு முன்னால் கையை வீசி எதையோ தள்ளுவாள். அதையும் இந்த முடியையும் நான் சேர்த்து யோசித்ததே இல்லை. அந்தக் கண் எப்போது கெட ஆரம்பித்ததோ யாருக்குத் தெரியும்.

நான் கை தூக்கினேன். நீ அப்போது எல்லாருக்கும் டீ வாங்கக் கீழே போயிருந்தாய். அதனால்தான் நீ பாதிப் பாடத்தோடு சுற்றிக்கொண்டிருக்கிறாய். "அய்யா, கண்ணு கெட்டவங்க இல்லாத முடிய பாக்கறாங்க, சரி. அந்த முடிக்காவ ஒருத்தி தலைய மழிச்சிட்டாங்க. அந்த மொட்டையும் இல்லாததுதானா?" என்று கேட்டேன்.

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதே மாதிரி அந்தக் காலத்துலயே கேட்டிருக்காங்கம்மா. எல்லாம் மனசுதான்னா, ஒருத்தர் இன்னொருத்தரக் கொன்னா அது எப்படிக் கொலையாகும்னு."

"அதுக்கு இன்னா சொன்னாங்க?"

"ஒரு மனசு இன்னொரு மனசு மேல வேலை செய்யும்னாங்க. ஒருத்தர் கோவம் இன்னொருத்தர் உயிரையே அறுத்துடும். உடம்பால செய்யறதவிட மனசால செய்யறதுதான் பெரிய குத்தம்னு வச்சாங்க. மனசு மட்டும்தான் இருக்குன்னு சொல்லிட்டா, மனசுல படற அடிதாம்மா அடி. அதைச் சின்னதுன்னு தள்ளி வைக்க வேற எடமே கெடையாது."

ஐயா, இதை நீங்கள் சொன்னீர்கள். இல்லை என்றால் இங்கேயே வாசிப்பதை நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள்.

அன்று வீட்டுக்கு வந்து அந்தத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன் ஆயா பொய் சொல்லவில்லை. அவள் கண்ணில் முடி இருந்தது. இத்தனை வருஷம் பொய்க்காரி என்று அவளுக்கு நான் வைத்திருந்த பெயரை அன்று எடுத்துவிட்டேன். அதோடு சரி. முடியைப் பார்த்தது கண். தட்டை வீசியது கை. என்னைக் கேட்காமல் என் தலையை நேர்ந்தது வாய். கண்ணுக்கு நோய் வந்தது, கைக்கும் வாய்க்கும் என்ன நோய். அந்த இரண்டையும் நான் விடவில்லை, விடுவதாகவும் இல்லை. அம்மா மனம் இளகி எல்லாவற்றையும் மன்னித்துவிட்டாள் என்று நீ உன் நண்பர்களிடம் சொல்லிக்கொண்டு திரியாதே.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் என் தட்டிலும் முடி தெரிய ஆரம்பித்தது. வெள்ளைச் சோற்றில் கறுப்பாக ஒரு இழை, பார்வையைத் திருப்பினால் அதுவும் நீந்திக்கொண்டு கூடவே வரும். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. செல்வி எதிரில் நின்று குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். என் வாய் வரைக்கும் வந்த வார்த்தையை நான் மென்று விழுங்கினேன். மறுநாள் அவளிடம் மட்டும் சொன்னேன். அவள்தான் அம்பத்தூரில் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். புரை முற்றியிருக்கிறது, ஆபரேஷன் செய்ய வேண்டும், அது தவிர கண்ணுக்குள்ளே இழை போல மிதக்கிறது, வயதானால் வருவதுதான் என்றார் டாக்டர். "உள்ள மிதக்கறது வெளிய கீற மாதிரி தெரியுமா டாக்டர்" என்று செல்வி கேட்டாள். "ஆமாம்மா, அப்படித்தான் தெரியும்" என்றார். திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லவேளை அத்த, என் தலை தப்பிச்சுது" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். நீ பயணத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தாய், அம்மா கண் என்று மனத்தைக் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்று உன்னிடம் சொல்லவில்லை.

வைகாசிப் பௌர்ணமிக்கு வகுப்புக்காரர்கள் எல்லாரையும் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டாய். செல்வி விடியற்காலையில் எழுந்து தனியாகவே எல்லாருக்கும் சமைத்தாள். வந்தவர்களுக்கு இலை, எனக்கு என் தட்டு. சோற்றில் கறுப்பாக இழை ஓடியது. இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும், டாக்டர் சொல்லிக் கேட்டிருக்கிறேன், ஆனாலும் விரல் தானாகப் போய்ப் பிடித்து இழுத்தது. நீ பார்த்துவிட்டாய்.

"எத்தினி தபா சொல்றது செல்வி, தலைய கட்டிகினு சமைன்னு. வந்தவங்க இலையிலயும் இதே சோறுதான கீது" என்றாய். என் தட்டின் விளிம்பை இடது கையால் பிடித்தாய், மணிக்கட்டைச் சுழற்றினாய், முகத்தைத் திருப்பிக்கொண்டு குப்பைக் கூடையில் கவிழ்த்தாய். பாதிச் சோறு தரையில் விழுந்தது. செல்வி தலையில் துண்டு கட்டியிருந்தாள், சேகரு. நீ அவள் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை.

"டேய், முடி இல்லடா. என் கண்ணுலதான் கீது. டாக்டரே சொல்லிட்டாரு" என்றேன்.

பிறகு உன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது பார், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "ஐயா, பாத்தீங்களா. பாடத்துல வந்தது அப்படியே நம்ம ஊட்ல நடந்துருக்கு. இல்லாத முடிய எங்கம்மா பாத்துது, அதைப் பாத்து நானும் நம்பிட்டேன். செல்வி, முடியே இல்ல. அப்பறம் அதுக்கு நா திட்டுனது மட்டும் எப்டி இருக்கும். அதுவும் இல்லாததுதான். மனசுல வச்சிக்காத, உடு" என்றாய்.

சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் வியந்துபோனார்கள். "எப்பவோ சொன்னது ஆவடில வந்து நடக்குதுப்பா" என்றார் ஒருவர். இன்னொருவர் போனை எடுத்து அதைக் குறித்துக்கொண்டார். அம்மா கண்ணுக்கு என்ன ஆயிற்று என்று நீ கேட்கவில்லை. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஆனால் ஞாபகம் இருக்கிறது. ஐயா, நீங்கள் அப்போது இலையில் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தீர்கள். மனத்தில் படுகிற அடிதான் அடி என்று என்னிடம் சொன்ன நீங்கள், அடி விழுந்த இடத்தில் வாய் திறக்கவில்லை. உங்கள் பெயரும் என் பகைக் கணக்கில் சேர்ந்துவிட்டது. இந்த இடத்தை விழுங்காமல் வாசியுங்கள்.

செல்வி தரையில் சிந்திய சோற்றை அள்ளித் துடைத்தாள். எனக்கு வேறு தட்டில் சோறு கொண்டுவந்து வைத்தாள். எல்லாருக்கும் பாயசம் ஊற்றினாள், உனக்கும்தான். நீ நன்றாக இருக்கிறது என்று இன்னொரு டம்ளர் வாங்கிக் குடித்தாய். அவர்கள் போன பிறகு பாத்திரம் கழுவுகிற இடத்தில் போய் நின்றேன். என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "திட்டுனதுகூட பரவால்ல அத்த. அது எல்லா ஊட்லயும் கீது. நா அவருக்கு ஒரு உதாரணமா பூட்டேன்."

மறுநாள் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். நான் உன்னிடம், போய் அவளைக் கூட்டிக்கொண்டு வா என்றேன். "அவ மனசுல அவளே முடிச்சு போட்டுகினா நா இன்னா பண்ண முடியும். அடங்கட்டும், தானா வருவா" என்று சொல்லிவிட்டு, கண்ணை மூடித் தியானத்தில் உட்கார்ந்தாய். நான் கொஞ்ச நாள் பார்த்தேன். பிறகு என் துணியையும் அந்தத் தட்டையும் பையில் போட்டுக்கொண்டு திருவேற்காட்டுக்கு வேன் ஏறினேன்.

இந்த வீட்டு வாசலை மிதிப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். உன் கல்யாணத்தில் மாப்பிள்ளையைப் பெற்ற என்னை இரண்டாம் பந்திக்கு உட்கார வைத்தார்கள். இவர்கள் வீட்டில் கை நனைப்பதில்லை என்று அன்றே முடிவு செய்தவள் நான். பாப்பா பிறந்தபோதுகூட வெறும் வயிற்றோடு வந்து பார்த்துவிட்டுத் திரும்பினேன். செல்வியின் அம்மாவும் லேசுப்பட்டவள் இல்லை. கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"இன்னா சம்பந்தி, வழி தவறி வந்துட்டியா."

"வழி தெரிஞ்சுதான் வந்தேன். சோறு கீதா."

"சோறு கீது. நீதான் என் ஊட்ல கை நனைக்க மாட்டேன்னு சொன்னவளாச்சே."

"சொன்னது சொன்னதுதான். ஒன் சோறு எனக்கு வேணாம். ஒம் பொண்ணு ஆக்குன சோறு கீதான்னு கேக்கறேன்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு கதவை விட்டாள். இரண்டாம் பந்தி விஷயம் இன்னும் தீரவில்லை, அதையும் அவளிடம் அன்றே சொல்லிவிட்டேன். அவளும் நான் சீர்த் தட்டைப் பார்த்து முகம் சுளித்ததை மறக்கவில்லையாம். சரி, இருக்கட்டும். இரண்டு பேரும் அவரவர் பகையை வைத்துக்கொண்டே ஒரு வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம், ஒன்றும் குடி முழுகிவிடவில்லை.

இப்போது நீ கேள். ஐயா ஒரு நாள் பூந்தமல்லியிலிருந்து மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு வந்து எள்ளோடு கலந்து ஒரு டப்பாவில் மூடி வைத்தார். அடுத்த வாரம் பூவையெல்லாம் பொறுக்கி எடுத்துவிட்டு எள்ளை மட்டும் கையில் கொடுத்தார். எள்ளில் மல்லிகை வாசனை. மனத்துக்கு அடியில் இன்னொரு மனம் களஞ்சியம் போல இருக்கிறது, செய்ததும் பட்டதும் கேட்டதும் அதில் இப்படித்தான் ஏறிக்கொள்கிறது, அப்புறம் விதையாகக் கிடந்து காலம் வரும்போது முளைக்கிறது என்றார். உங்கள் பாடத்தில் நான் முழுசாக ஒப்புக்கொண்டது இது ஒன்றைத்தான். ஏனென்றால் என் கண்ணாலேயே பார்த்தேன். உன் ஆயா தட்டை வீசியபோது நீ பிறக்கவே இல்லை. அந்தக் கையை நீ பார்த்ததில்லை. ஆனால் அதே இடது கை, அதே சுழற்று, முகத்தை அதே பக்கம் திருப்பினாய். பூவை எடுத்த பிறகும் எள்ளில் வாசனை.

எப்படி வந்தது என்று யோசித்தேன். என்னிடமிருந்துதான் வந்திருக்கிறது. சின்ன வயதில் உனக்கு ஊட்டும்போது, இப்படித்தான்டா வீசினாள் என்று கையைச் சுழற்றிக் காட்டுவேன். நீ கைகொட்டிச் சிரிப்பாய், இன்னொரு தடவை என்பாய். காட்டியதற்காக நான் வருத்தப்படவில்லை. நான் சொல்லாவிட்டால் எனக்கு நடந்ததை யார் சொல்வார்கள். நாளைக்கு ஒருத்தி உன் வீட்டுக்கு வருவாள், அவள் பக்கம் நிற்கக் கற்றுக்கொள் என்றுதான் சொன்னேன். நீ அந்தக் கதையிலிருந்து கையை மட்டும் எடுத்துக்கொண்டாய். மொட்டைத் தலையோடு பஸ்ஸில் திரும்பி வந்தவளை விட்டுவிட்டாய்.

உன் ஆயாவுக்காவது கண்ணில் நோய். உனக்குக் கண் நன்றாகத்தான் இருக்கிறது. என் கண்ணில் இருந்த முடியை நீ உன் கண்ணால் பார்க்காமலே நம்பினாய். செல்வியின் முகத்தில் இருந்ததை உன் கண்ணால் பார்த்தும் நம்பவில்லை. முடி இல்லை, அதனால் திட்டும் இல்லை என்றாய். அப்படியென்றால் மடத்துக்கு எதற்குப் போகிறாய்? அப்பா போன துக்கமும் மனத்தில்தானே இருந்தது. அப்போது நான் உன்னிடம் இல்லாதது, விடு என்று சொன்னேனா. பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நீ தூங்க ஒரு இடம் தேடிப் போனபோது போய் வா என்றேன்.

ஐயா அன்று எள்ளைக் கொடுத்தபோது இன்னொன்றும் கேட்டேன். அடியில் போன வாசனையை எப்படி எடுப்பது என்று. இல்லை என்று சொல்லி எடுக்க முடியாதும்மா, வேற பூவைப் போட்டு மூடி வைக்க வேண்டியதுதான், அதுவும் ஒரு தடவை போட்டால் போதாது என்றார். அதைத்தான் உன்னிடம் கேட்கிறேன். மடத்தில் நீ எத்தனை நாள் கண்ணை மூடி உட்கார்ந்தாலும் அது உன் டப்பாவில் போடுகிற பூ. செல்வியின் டப்பாவில் கிடப்பது நீ போட்டது. அதை அவளால் எடுக்க முடியாது, என்னாலும் முடியாது.

எனக்கு அடுத்த வாரம் கண் ஆபரேஷன். செல்விதான் கூட வருகிறாள். புரையை எடுத்துவிடலாம், மிதக்கிற இழை அப்படியே இருந்தாலும் இருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இருக்கட்டும். இல்லாத முடியோடு சோறு சாப்பிட நான் பழகிவிட்டேன். விரல் இன்னும் போகிறது, போனால் சும்மா திரும்பி வருகிறது. தட்டு மட்டும் நகர்வதில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் வா. வகுப்பில் யாரையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு வராதே. பாடத்தில் இருக்கிற வார்த்தை ஒன்றும் இங்கே வேண்டாம். திட்டினேன், கொட்டினேன், உன்னைப் பார்க்காமல் பேசினேன், அதைச் சிரித்து மூடினேன் என்று உனக்குத் தெரிந்த தமிழில் சொன்னால் போதும். சொன்ன பிறகு சாப்பிட உட்கார். உனக்கு அந்தத் தட்டைத்தான் போடுவேன், நசுங்கிய விளிம்பு உன் பக்கமாக இருக்கும்படி. செல்வி பரிமாறுவாளா என்று என்னைக் கேட்காதே. நான் அவளிடம் கேட்கவில்லை, கேட்கப் போவதுமில்லை. அது அவள் மனம். தட்டு காலியாகவே இருந்தாலும் நீ எழுந்திருக்காதே. உட்கார்ந்திரு.

உன் அம்மா